முன்பே இருந்தது

இடது கையில் மூன்று விரல் விறைத்து
சங்கத்து லெட்ஜரில் ஏழு ஒன்றாக விழுந்த நாள்
பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.
நான் இடக்கைக்காரி.
கழுத்தை ஸ்கான் எடுக்கவேணும் என்றார் டொக்டர்.
துண்டில் திகதி போட்டுத் தந்தார்கள்:
ஆவணி இருபத்தாறு.
அப்போது மாசி.

காப்புறுதி இருக்குத்தானே என்றார் இவர்.
இருக்கு.
ஐந்து வருஷமாகச் சம்பளத்திலிருந்து
கைக்கு வருமுன்பே கழன்றுபோகிறது.
சாருஜன்தான் பிடித்துத் தந்தவன், மச்சாளின் மகன்.
ஹெல்மெட்டையும் கழற்றாமல் படிவம் நிரப்பினவன்.
"முன்பு வருத்தம் ஏதும்?" என்று கேட்டு
நான் வாய் திறக்குமுன்
இல்லைக்குப் புள்ளடி போட்டவன்.

இப்போது சொல்கிறான்:
"மாமி, படுத்தால்தான் தருவினம்.
நடந்து போய் எடுத்து நடந்து வந்தால்
சதமும் வராது."

ஆகவே படுத்தேன்.
தனியார் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில்,
பொலித்தீன் வாசம் போகாத மெத்தையில்,
நடக்கக்கூடிய உடம்பை ஒரு இரவுக்கு.
இவர் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து
கதிரையிலேயே நித்திரையானார்.
நேர்ஸ் வந்து வந்து காய்ச்சல் பார்த்தாள்.
இல்லாத காய்ச்சலைப் பார்த்ததற்கும்
பில்லில் ஒரு வரி இருந்தது.

விடிய, தோடு, மூக்குத்தி, கொடி, காப்பு
எல்லாம் லேஞ்சியில் முடிந்து இவரிடம் கொடுத்தேன்.
துஷ்யந்தி என்று பெயர் குத்திய பிள்ளை
பட்டியலை வாசித்தாள்.
இதயத்தில் கருவி? பல்லில் கம்பி?
உடம்புக்குள் இரும்பு ஏதும்?

இருக்குப் பிள்ளை.
காறை எலும்புக்குக் கீழ ஒரு துண்டு.
பதினாலு வயசில வந்தது.
"கிடக்கட்டும், கிண்டினால்தான் கரைச்சல்" என்றார்
அப்போது பார்த்தவர்.
கிடந்தது.
அதோடுதான் பிள்ளை பெற்றேன்,
அதோடுதான் சீனி மூட்டை எண்ணினேன்.
மழைக்கு முதல்நாள் மட்டும் கொஞ்சம் கதைக்கும்.

அவள் பேனையை மூடினாள்.
"அன்ரி, இது காந்தம். உள்ள போகேலாது."

வேறு மெசின் இருக்கிறது, கீழ் மாடியில். காசும் குறைவு.
ஆனால் கொம்பனி அனுமதித்தது இதற்கு, அதற்கல்ல.
கொழும்புக்கு எடுத்தேன்.
தமிழுக்கு மூன்றை அழுத்தவும்.
அழுத்தினேன்.
வீணை வந்தது. முடிந்தது. திரும்பவும் வீணை.
இருபத்திரண்டாம் நிமிஷம் ஒரு குரல்,
பாவம், தெண்டித்துத் தெண்டித்து:
"தமில் கதைக்கிற ஆள் சாப்பிட போனது."

இவர் லேஞ்சியை அவிழ்த்து
காப்பை மட்டும் எடுத்துக்கொண்டு
கஸ்தூரியார் வீதிப்பக்கம் போனார்.

கழுத்தெலும்பில் தேய்மானம்தான்,
பயிற்சி செய்தால் சரிவரும் என்றார்கள்.
படத்தின் மூலையில் வெள்ளையாக,
குறுணி அரிசியளவில், அது.
முப்பது வருஷம் கூட இருந்ததை
அன்றுதான் கண்டேன்.
இவ்வளவுதானா நீ.

பங்குனி முடியக் கடிதம் வந்தது.
வருத்தம் பெரிதில்லை, ஆகவே படுத்திருக்கத் தேவையில்லை.
அனுமதித்தது ஒன்று, எடுத்தது இன்னொன்று.
உலோகம் ஒப்பந்தத்துக்கு முன்பே இருந்தது; அறிவிக்கப்படவில்லை.
அறை வாடகையில் பாதி:
மூவாயிரத்து இருநூற்றைம்பது ரூபா.

கணக்கு எழுதுகிறவள் நான்.
பத்து ரூபா இடித்தாலும்
தேடாமல் வீட்டுக்குப் போகமாட்டேன்.
இந்த வித்தியாசத்தை எந்தத் தலைப்பின் கீழ் போடுவது?
முன்பே இருந்தது என்கிறார்கள்.
அந்தக் கடிதத்தில் பிழையில்லாத வரி
அது ஒன்றுதான்.

நேற்று சாருஜன் வந்தான்.
கூடின பொலிசியாம். ஸ்கானும் சேருமாம்.
"முன்பு வருத்தம் ஏதும்?"
பேனையை அவனிடமிருந்து வாங்கினேன்.
ஹெல்மெட்டைக் கழற்றடா, இரு, தேத்தண்ணி குடி.
விரல் இன்னும் முழுக்க வரவில்லை,
மெல்ல மெல்லத்தான் எழுதினேன்.
தொண்ணூற்றைந்து, ஐப்பசி, உடுவில் றோட்டு,
சைக்கிளில் பின்னுக்கு இருந்தது நான்,
முன்னுக்கு இருந்தது

பெட்டி ஒரு விரல் அகலம்.
பின்பக்கம் பார்க்கவும் என்று போட்டுவிட்டுத்
தாளைத் திருப்பினேன்.