எண்ணூறு அடிக்குக் கீழே

காலை ஆறரை.
சூரியம்பாளையம் ரோட்டில் ஒரு ரிக் லாரி
ரிவர்ஸ் எடுக்கிறது.
அந்த பீப் பீப்பை நேற்றே பிடித்து
என் விளையாட்டுக்குள் போட்டுவிட்டுத்தான் தூங்கினேன்.
எழுந்து பார்த்தால்
லாரி நின்ற பிறகும் சத்தம் நிற்கவில்லை.
மெனுவில் பீப், கடையில் பீப்,
விளையாட்டை மூடினாலும் எங்கோ பின்னால்
பின்வாங்கிக்கொண்டே இருக்கிறது.

விளையாட்டு இவ்வளவுதான்:
ஒரு லாரி, ஒரு காடு, வட்டிக்கு வாங்கிய ஐம்பதாயிரம்.
எங்கே ராடை இறக்குவது என்பது உங்கள் பாடு.
தண்ணீர் வந்தால் அடுத்த ஊர்.
வராவிட்டால் இன்னும் இருபதடி,
இன்னுமொரு இருபதடி.

செவ்வாய்க்கிழமை ஏழு பேர் வாங்கினார்கள்.
படியிறங்கிப் போய் அம்மாவிடம் சொன்னேன்.
அரிசிம்பருப்புக்குத் தாளித்தபடி
"ஏழு பேரா" என்றாள்,
அதிகமா குறைச்சலா என்று தெரியாத குரலில்.
புதன்கிழமை இரண்டு பேர்
காசைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.
அதைச் சொல்ல இறங்கவில்லை.

ஒற்றை நட்சத்திரம் போட்டு ஒருவர்:
"மூணு மணி நேரம். தண்ணியே வரலை."
பெரியப்பா காட்டில் நாலு குழி போட்டோம்,
நாலும் வெறும் புகை
என்று எழுதி, அழித்து,
'மன்னிக்கவும், அடுத்த பதிப்பில் சரிசெய்கிறேன்.'

உறம்பரை வந்திருந்த சித்தி கேட்டாள்:
"பொழுதன்னிக்கும் அதுல என்ன கண்ணு பண்ற?"
மண்ணுக்கு நிறம் போடுகிறேன் என்றேன்.
பொய்யில்லை, நாலு நாளாய் அதுதான்.
எட்டிப் பார்த்தாள்.
"எந்தூர்ல மண்ணு இத்தன செவப்பா இருக்குது?"
அவள் பஸ் ஏறியதும் சிவப்பில் இருபது குறைத்தேன்.
ச்சே.
சரியாகத்தான் இருந்தது.

மின்தடை நாள்: ஒன்பதிலிருந்து ஐந்து.
யூபிஎஸ் பதினோரு நிமிடம் தாங்கும்.
பன்னிரண்டாவது நிமிடம் எழுதியதை
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எண்ணூறு அடிக்குக் கீழே
நான் எதுவும் எழுதி வைக்கவில்லை.
அத்தனை ஆழம் யார் போவார்கள்?
ஒருவர் போயிருக்கிறார்.
படம் அனுப்பியிருந்தார்:
ராடு பூமியை விட்டு நழுவி
வெறும் நீலத்தில் விழுந்துகொண்டிருக்கிறது,
முப்பத்தோராயிரம் அடி.
"ஏனுங்க, இது போயிட்டே இருக்குதுங்க.
நெசத்துல நாங்க ஆயிரத்தி நானூறு ஓட்டிருக்கறோம்,
இப்புடி ஆனதில்லீங்க.
பொங்கியண்ணன், டிரில்லர், மல்லசமுத்திரம்.
இப்ப ஜால்னா பக்கம்."
கீழே இன்னொரு வரி:
"தண்ணி தட்டறப்ப வர்ற சத்தம் தப்புங்க.
அது கொடத்துல ஊத்தற சத்தம்."

குடத்தில் ஊற்றித்தான் எடுத்தேன்.
குளியலறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து நாற்பது நொடி.
கம்ப்ரசர் இரைச்சல், கல்லை அரைக்கிற கரகரப்பு,
பிறகு எல்லாம் ஈரச்சாக்கு போட்டு மூடியதுபோலக் கனத்து,
யாரோ இருமி,
யாரோ புரியாத பாஷையில் கத்தி,
அதற்கு மேலே இவர் குரல்:
"உடு, உடு, உடு."

இருமலை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன்.
விட்டுவிட்டேன்.

இரவு ஒன்றே முக்காலுக்கு நானே ஆடினேன்.
தண்ணீரை எங்கே ஒளித்தேன் என்பது
எனக்கே மறந்திருந்தது.
முதல் குழி புகை. இரண்டாவதும்.
மூன்றாவதில், அறுநூற்று இருபதில்,
தூசி நின்றது.
சத்தம் கனத்தது.
யாரோ இருமினார்கள்.
தண்ணீர் எழும்பியது.

நிற்கவில்லை.
லாரியை மூடி, காட்டை மூடி,
கடன் பாக்கி காட்டுகிற கட்டத்தை மூடி,
வலது மூலையில்
'வெளியேறு' பொத்தானையும் மூடிக்கொண்டு
ஏறுகிறது.

எந்த வரியில் தப்பு என்று தெரிகிறது.
ஒரே ஒரு குறி.
விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டேன்.