சுண்ணாம்புச் சுவர்

வற்றம் தொடங்க இன்னும் அரைமணி.
துறையில் நாற்பது பேர்.
இடுப்புச் சாக்குகளில் கண்டல் முளைகள்,
முருங்கைக்காய் நீளத்தில்.
தாய்மரத்தில் தொங்கும்போதே
முளைத்துவிடும் அவசரக் குழந்தைகள்.

நான் ரெபோஸா.
மடகாஸ்கரின் மேற்குக் கரையில்
ஏழு வருடம் சூளை போட்டவன்.
கண்டல் விறகின் மேல் சிப்பி,
சிப்பியின் மேல் விறகு,
மூன்று நாள் எரியும்.
நான்காம் நாள் வெள்ளை.
ஒரு வீடு பூச எத்தனை மரம் என்று
அப்போது யாரும் கேட்கவில்லை.
இன்னும் இரண்டு மூட்டை கிடைக்குமா
என்றுதான் கேட்டார்கள்.

பிப்ரவரிப் புயலில்
கடல் நேராக வீட்டுக்குள் வந்தது.
முன்பெல்லாம்
வேர்களிடம் கேட்டுவிட்டுத்தான் வரும்.

இது மூன்றாவது நடவு.
முதல் நடவை நண்டு தின்றது.
இரண்டாவதற்கு
நகரத்து ஹான்ட்ரி கயிறு கட்டி
கம்பு ஊன்றி வரிசை போட்டுக் கொடுத்தான்.
பள்ளிக்கூட அணிவகுப்பு போல அழகு.
செத்தபோதும்
வரிசை கலையாமல் செத்தன.

இன்று வோலசோவா
அந்தக் கயிற்றைச் சுருட்டிப் படகில் எறிந்தாள்.
"வெட்டினவனைக் கேளுங்கள்.
எது எங்கே நின்றதென்று
அவனுக்குத்தான் தெரியும்."

நாற்பது முகமும் திரும்பின.
ஓடிவிடலாமென்றால்
முழங்கால் வரை சேறு.

கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன்.
உள்ளங்காலுக்கு ஞாபகம் இருந்தது.
சேற்றடியில் ஒவ்வொரு கட்டையாக இடறியது.
இது கோடரிப் பிடி உடைந்த இடம்.
இது பருத்தது,
தம்பியும் நானும் மாறி மாறி, ஒரு பகல் முழுக்க.
இது
விறகு போதுமென்று ஆன பிறகும்
கைவேகத்தில் வெட்டியது.

"இங்கே" என்றேன்.
ஒருத்தி குனிந்தாள்.
"இங்கே."
ஒரு பையன்.
"இங்கே, இங்கேயும்."
வரிசை கோணல்மாணலாகப் போனது
குடித்தவன் வீடு திரும்பிய தடம்போல.
ஹான்ட்ரி நோட்டை மூடினான்,
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
அவனும் இறங்கினான்.

யாரும் என்னை மன்னிக்கவில்லை.
அதற்கு நேரமும் இல்லை.
வாய்க்காலில் தண்ணீர் திரும்பத் தொடங்கியிருந்தது.
வோலசோவா கத்திக்கொண்டிருந்தாள்:
"கூர்முனை கீழே! கீழே!
தலைகீழாக நட்டால்
வானத்திலா வேர் விடும்?"

என் வீட்டில் மூன்று சுவர் வெள்ளை.
நான்காவது நாணல் தட்டி.
மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள்
அதையும் பூசிவிடு என்கிறாள் மகள்.
நான் பதில் சொல்லவில்லை.
தட்டி வழியே காற்று வருகிறது,
சேற்று வாடையோடு.

விளக்கை நடுவில் வைத்தால்
மூன்று சுவரும் பளிச்சென்று தெரிகின்றன.
அதனால்
விளக்கை வாசலில் வைத்துவிட்டு
இருட்டில்தான் சாப்பிடுகிறோம்
கொஞ்ச நாளாக.