மணிக்கட்டுச் சான்று

கே.கே.நகர் வளைவுக்கு இரண்டு தெரு தள்ளி
மாடியில் என் கிளினிக்.
மூன்று கட்டில், ஒரு மெழுகுத் தொட்டி,
நரம்பைத் தூண்டுகிற ஒரு கரண்ட் பெட்டி.

வியாழக்கிழமை சாயங்காலம்
மகால் ஏழாவது தெரு துளசிராம் வந்தான்.
கட்டைவிரலை உள்ளே மடக்கிப் பொத்து,
அப்படியே சுண்டுவிரல் பக்கம் சாய் என்றேன்.
சாய்ப்பதற்குள் கண்ணில் தண்ணீர்.

"எத்தன மணி நேரம்?"
"பிராக்டீஸ் ஆறு. மேட்ச் இருந்தா ஒம்பது."
கோயம்புத்தூரில் அரையிறுதி வரை போன அணி.
ஐந்து பேர். மற்ற நால்வரை
அவன் நேரில் பார்த்ததே அங்கேதானாம்.

சான்றிதழ் வேண்டும்.
விளையாட்டுக் காயம் என்று எழுதிவிட்டால்
பதினோரு நாள் வருகைப்பதிவு திரும்பக் கிடைக்கும்.
உடற்கல்வி இயக்குநர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்:
"வேர்த்துச்சா ஒனக்கு?"

அடுத்த கட்டிலில் கருமாத்தூர் விருமாயி,
கபடி, இடது முழங்கால்,
ஐஸ் பையை அமுக்கியபடி சிரித்தாள்.
"கீழ விழுவீங்களா?"
"இல்ல."
"மூச்சு?"
"கடைசி வட்டத்துல அதுவா நின்னுரும்."
அதற்கு அவள் சிரிக்கவில்லை.

வாய்ச் சண்டையில் எனக்கு நம்பிக்கை கிடையாது.
முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலைத் தூக்கிப் பிடித்து
சொல்லாமல் விட்டேன்.
விருமாயி பதினான்கில் பிடித்தாள்.
அவன் பதினொன்றில், அதுவும் நோகாத இடது கையால்.
"இப்ப கபடி பாடு பாப்போம்" என்றாள்.
ஒன்பது நொடியில் இருமிவிட்டான்.

மெழுகில் கை முக்கி உட்கார்ந்திருந்த
சிம்மக்கல் அப்பாஸ் அண்ணன்,
ராத்திரிக்கு எழுநூறு புரோட்டா வீசுகிறவர், சொன்னார்:
"கை நோகுறதெல்லாம் வெளையாட்டுன்னா
எனக்கு ஒரு கப்பு குடுங்கம்மா."
நியாயம்தான்.
வலியைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.
வேர்வையைக் கூப்பிட்டால்
சித்திரை வெயிலில் பெரியார் நிலையத்தில்
பஸ்ஸுக்கு நிற்கிற எல்லோருக்கும் பதக்கம் தர வேண்டும்.

ஐஸ் உருகிச் சொட்டத் தொடங்கிய பிறகு
விருமாயி கேட்டாள்:
"எங்க கபடிக்கு ஓனர் கெடையாது.
கோடு கிழிச்சா ஆட்டம்.
ஒன் ஆட்டத்த எங்கிட்டோ ஒரு கம்பெனிக்காரன்
அமத்திட்டான்னா?"

துளசிராம் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"ஒரு தடவ அமத்துனாங்க.
பழைய மேட்ச்சப் போட்டுப் பாத்துக்கிட்டே இருந்தோம்,
எழவு வீட்டுல போட்டோவப் பாக்குற மாதிரி."
பிறகு, குரல் இறங்கி,
"ஓனர் இல்லங்கிறீங்களேக்கா,
மாவட்ட லிஸ்ட்டுல ஒங்க பேர அடிச்சது யாரு?"

அரை மணி முன்னால் அதை என்னிடம்தான் புலம்பினாள்.
திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் காது இருந்திருக்கிறது.
ஐஸ் பையை மறுபுறம் திருப்பினாள். பேசவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
பெட்டி நின்றது, காத்தாடி நின்றது.
துளசிராம் போன் வெளிச்சம் காட்ட
காரணம் என்ற கட்டத்தின் மேல் பேனாவை வைத்தேன்.

ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொல்.
ஒன்றுக்கு மைதானம், சங்கம், அரசாணை, ஒதுக்கீடு.
மற்றதற்கு, 'எந்திரிச்சுப் போய்ப் படி.'
நமக்கு ஒரே சொல்தான்.
தாயமும் அது, தடகளமும் அது,
சட்டையைப் பிடித்தபின்
'சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்' என்பதும் அது.

"விளையாடும்போது ஏற்பட்டது"
என்று தமிழில் எழுதி முத்திரை குத்தினேன்.
கொஞ்சம் திருட்டுத்தனம், தெரியும்.
இயக்குநர் நாளைக்கு போன் பண்ணுவார்,
எந்த விளையாட்டு என்று கேட்பார்.
பதில் இன்னும் தயாராகவில்லை.

இருட்டில் யாரோ மேசையைத் துழாவும் சத்தம்.
ஸ்கேல் என் கைக்கு வந்தது.
"இன்னொருக்கா விடுங்க மேடம்,"
விருமாயி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்,
"டேய், வெளிச்சத்த நேராப் பிடி."