நாலு வாஷ்

விரகனூர் ரிங் ரோட்டில் லாரிச் சத்தம் ஓய்ந்து
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட நேரம்
ஹெட்லைட் போடாமல் வந்து நின்றது
ஒரு கருப்பு டிசையர்.
இறங்கியவர் துளசிராம்.
விளக்குத்தூண் பக்கம் சுங்குடி மொத்த வியாபாரம்.
"சும்மா ஒரு பாலிஷ் தம்பி,
விடிஞ்சா பரமக்குடி போகணும், சம்பந்தி வீடு."
சொல்லிவிட்டு
டிரைவர் பக்கக் கதவை மட்டும்
உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார்.

மறைத்தால் எப்படி, நான் கழுவ வேண்டாமா.
நுரை வழிந்து இறங்க இறங்க
கதவில் எழுத்து தெரிந்தது.
ஆணியோ சாவியோ.
கடங்கா
அதோடு நிற்கிறது.
எழுதியவனை நாய் துரத்தியிருக்கலாம்,
மாடியில் யாராவது லைட் போட்டிருக்கலாம்.
"சின்னப் பிள்ளைக கிறுக்கிருச்சு" என்றார்.
எந்தச் சின்னப் பிள்ளை
'ங்'குக்கு இவ்வளவு சரியாகப் புள்ளி வைக்கும்?

நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன்.
வழுக்கிப் போனால் பாலிஷில் போகும்,
மாட்டினால் போகாது.
'க'வில் லேசாக மாட்டியது.
கடைசித் துணைக்காலில் நகமே நின்றுவிட்டது.
எழுத எழுதக் கோபம் ஏறியிருக்கிறது.

என்னிடம் இருப்பது ஆல் இன் ஒன்.
கொஞ்சம் அறுக்கும், கொஞ்சம் மினுக்கும்,
போகிற போக்கில் மெழுகும் பூசும்.
மூன்று வேலை தெரிந்த எவனையும் போல
மூன்றிலும் முக்கால்தான்.
ஆயிரத்து இருநூறுக்கு அதுதான் வரும்.

பீடிங் ரப்பருக்கு டேப் ஒட்டினேன்.
பேடில் பட்டாணி அளவு நாலு சொட்டு.
ஒன்றாம் நம்பரில் தடவிவிட்டு
நாலுக்கு ஏற்றினேன்.
மெஷினை அமுக்கக் கூடாது, அதன் எடை போதும்.
நெடுக்கே ஒரு தரம், குறுக்கே ஒரு தரம்,
அவசரப்பட்டால் அது சும்மா தடவும்,
நின்றுவிட்டால் சுடும்.
பானட்டில் பத்து வருசத் துணி இழுத்த
சிலந்தி வலைக் கீறல்கள்
லைட்டுக்குக் கீழே காணாமல் போயின.
பேடைத் திருப்பிப் பார்த்தேன், கருப்பு ஏறவில்லை.
மேல் கோட் இன்னும் இருக்கிறது,
பிழைத்தது.

கதவுக்கு வந்தபோதுதான் அது நடந்தது.
பாலிஷ் போய்க் கீறலுக்குள் அடைந்து காய்ந்து
சாக்பீஸில் எழுதின மாதிரி
வெள்ளை வெளேரென்று
கடங்கா.
துளசிராம் ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.
ரோட்டில் பார்க்க ஒன்றும் இல்லை.
தார்ப்பாய் மூடிய இளநீர் வண்டி.

பழைய டூத் பிரஷ்ஷால் எழுத்தெழுத்தாக எடுத்தேன்.
இன்னொரு தரம் ஓட்டித் துடைத்தேன்.
விளிம்பு மழுங்கியது.
நேரே நின்றால் தெரியாது,
பக்கத்தில் குனிந்து பார்த்தால் தெரியும்.
"சம்பந்தி குனியிற ஆளா?"
"இடுப்பு வலிக்காரர்" என்றார்
யோசித்து.

"எத்தனை நாள் தாங்கும்?"
"நாலு வாஷ். மெழுகு போச்சுன்னா மறுபடி வந்துரும்."
விரல் மடக்கினார்.
நிச்சயம். பந்தக்கால். முகூர்த்தம். மறுவீடு.
"போதும்" என்றார்.
"அதுக்கப்புறம் வண்டியே அவன் கைக்குத்தான் போகுது.
உக்காந்து படிச்சுக்கட்டும்."
சிரிக்கத்தான் செய்தார். நானும் சிரித்துவைத்தேன்.

எழுநூறு கொடுத்தார்.
மீதி மறுவீடு முடிந்து.
இந்தத் தடவை ஹெட்லைட் போட்டுக்கொண்டு போனார்.

வாளியில் பேடைப் பிழிந்து காயப்போட்டேன்.
பிறகு நோட்டை எடுத்தேன்.
துளசிராம், டிசையர், பாக்கி ஐந்நூறு.
அந்தப் பேனா அழுத்தினால்தான் எழுதும்.
அடுத்த பக்கத்தைப் புரட்டினால்
மையில்லாமல் அங்கேயும் இருக்கிறது,
சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது.