நான்காவது ஆளுக்கான வெளிச்சம்

முட்டத்தில் படம் எடுக்க வருகிறவர்கள்
சாயங்காலம் ஐந்தரை கேட்பார்கள்.
பாறை, ஆரஞ்சு வானம்,
கன்னத்தின் ஓரத்தில் ஒரு பொன்கோடு.
மெற்றில்டாவுக்கு நான் சொன்னது
காலை ஏழேகால், கடியபட்டணத்துக் கரை.

காரணம் கிளீட்டஸ்.
கடல் திருப்பித் தராத அந்த மனிதரின்
ஒரே நல்ல படம்,
மகளின் புதுநன்மை அன்று யாரோ போனில் எடுத்தது.
நெஞ்சுவரைதான். வெள்ளைச் சட்டை, பின்னால் அலை.
மூக்கின் நிழல் இடது கன்னத்தில்
அரை விரல் சாய்ந்திருக்கிறது.
கண்மணியைப் பெருக்கிப் பார்த்தேன்:
கடிகாரத்தில் பத்து இருக்கும் இடத்தில் வெள்ளைப் புள்ளி.
தென்னைகளைத் தாண்டி வெயில் ஏறி
அதிக நேரம் ஆகியிருக்காது.

மாதமும் பார்க்க வேண்டும்.
சூரியன் டிசம்பரில் ஒரு பக்கம், மேயில் ஒரு பக்கம்.
மே வரைக்கும் காத்திருக்கலாமா என்றேன்.
அதற்கென்ன என்றாள்.

கரையேற்றிய வள்ளத்துக்குப் பின்னால்
இடக்கோடியில் ஷாஜின், வலக்கோடியில் அவள்,
வள்ளத்தின் விளிம்பில் அபிஷா.
நடுவில் இடைவெளி.
கொஞ்சம் நெருங்கி நிற்கலாம் என்றேன்.
"அவருக்க தோள் அகலம் ஒமக்குத் தெரியாது."

காற்றில் ரிஃப்ளெக்டர் பாயாகப் பறந்தது.
ஏலம் போடும் இடத்தில்
மீன்பெட்டியின் தெர்மோகோல் மூடி ஒன்று வாங்கி
முகங்களுக்குக் கீழே பிடிக்கச் சொன்னேன்.
சாளை நாற்றம். அபிஷா மூக்கைச் சுளித்தாள்.
அதையும் எடுத்தேன்.
இந்த மணல் தாடைக்கடியில் செம்பு பூசும்.
வழக்கமாக ஒயிட் பேலன்ஸில் துடைத்துவிடுவேன்.
அவர் தாடையிலும் அது இருந்தது,
விட்டுவிட்டேன்.

இரவு, திங்கள்சந்தை மாடிக்கடை.
போன் படத்தில் அவர் புள்ளி புள்ளியாக இருந்தார்.
அவரைக் கூர்மையாக்கப் பார்த்தேன்,
மெழுகு பொம்மையாகிப் போனார்.
கடைசியில்
உயிரோடிருக்கும் மூவரையும் மங்கலாக்கினேன்,
அவர் அளவுக்கு.

மறுநாள் வந்து திரையைப் பார்த்தவள்
வெகுநேரம் பேசவில்லை.
"எனக்க மொகத்துல ஒண்ணையும் தொடைக்காண்டாம்.
அவருக்கு வயசு ஏத்தணும்.
எனக்கு நாப்பத்தாறு.
பக்கத்துல தம்பி மாதிரி நிக்காரு."

இருபது வருடமாகச் சுருக்கம் நீக்குகிறவன் நான்.
அந்த பிரஷ் விரலுக்குத் தானாக வரும்.
போடுவதென்றால் எங்கே தொடங்குவது?
"கண்ணுக்க ஓரத்துல.
சிரிச்சா மொதல்ல அங்கதான் மடங்கும்."
மடக்கினேன்.
"நரை வலப்பக்கம் மொதல்ல.
அவருக்க அப்பனுக்கு அப்படித்தான்."
ஒவ்வொரு இழையாக வெளுத்தேன்.
"இது ஷாஜின் பாலிடெக்னிக் சேந்த வருஷம்" என்றாள்.
இன்னும் கொஞ்சம்.
"இது வீட்டுக்கு ஓடு மாத்துன வருஷம்."
நெற்றியில் ஒரு கோடு.
"இல்ல, அது வேண்டாம்.
அந்தக் கவலைய நான் பட்டாச்சு."

அழித்தேன்.
பிறகு அவள் சொன்னாள்,
"போதும். இதுக்கு மேல எனக்குத் தெரியாது."

அவள் போன பின் ஒரு வேலை பாக்கி.
அவர் நின்றிருந்தால்
அவள் வலத்தோளில் நிழல் விழுந்திருக்கும்.
படத்தில் அங்கே நல்ல வெயில்.
சேலைக்கரை மின்னுகிறது, நூல் நூலாய்.
இவ்வளவு நல்ல வெளிச்சத்தை
என் கையால் கெடுத்ததில்லை.
தனி லேயர், மல்டிப்ளை, முப்பது சதவீதம்,
ஓரம் மென்மையாக.
அதன் பிறகுதான் அவர் அங்கே நின்றார்.

சட்டம் போடும்போது போனில் கேட்டேன்,
எந்தச் சுவர், ஜன்னல் எந்தப் பக்கம் என்று.
இடப்பக்கம் இருந்தால் நல்லது,
வெயில் ஒத்துப்போகும்.
"ஜன்னலு இல்ல," என்றாள்,
"டியூப்லைட்டுதான்."