ரொக்கம், பெயர் இல்லை

கப்பல் ஏப்ரலில் வந்தது.
பதினோரு வாரக் கடலைக் குடித்துவிட்டு
ஜெர்மன் புல்லாங்குழல்கள் இரண்டு
துளையோரம் விரிசல் விட்டிருந்தன.
மெழுகு வைத்து அடைத்தேன்.
ஒரு ஷில்லிங் குறைத்தேன்.
கேட்டால் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

இசைத்தாள்களில் பூஞ்சை.
ஒரு மினுவெட்டின் நடுவே பச்சையாய்த் தீவு.
வாசிப்பவர்கள் அங்கே வரும்போது
கொஞ்சம் யோசித்துக் கடந்துபோகட்டும்.

அனாபொலிஸில் கடை போட்டால்
புகையிலையை நம்பித்தான் பிழைக்கவேண்டும்.
"இலை அறுக்கட்டும், தருகிறேன்" என்பார்கள்.
என் கணவர் ஆசா காத்திருந்தார்.
காய்ச்சல் அவரை முதலில் அறுத்தது.
பேரேடு எனக்கு வந்தது,
அதில் பாதி கடன், மீதி மரியாதை.

லெட்டிஸ் ஹார்வுட் கையுறை கழற்றாமல் வருவாள்.
புதுப் பாட்டின் தாளை விரித்து
உதட்டுக்குள் முனகி முனகி
முதல் பக்கம் மனப்பாடமானதும்
"அச்சு தெளிவில்லை" என்று போய்விடுவாள்.
மறுநாள் இரண்டாம் பக்கத்துக்கு.
மூன்றாம் பக்கத்தை நான் ஒளித்துவைத்தேன்.
இந்த ஊரில் அந்தப் பாட்டு
இன்னும் முடிவில்லாமல்தான் பாடப்படுகிறது.

மிங்கோ வருவது பின்வாசல் வழி.
டில்காட் துரையின் உடைமை
என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.
விருந்தில் விடிய விடிய பிடில்,
விடிந்ததும் வயலில் புகையிலைப் புழு பொறுக்கல்.
விருந்தாளி எறியும் காசு அவனுக்கே
என்பது துரையின் தாராளம்.
அந்தக் காசில் ஒரு நரம்பு வாங்குவான்,
ஆட்டுக்குடல் நரம்பு, ஒன்றே ஒன்று.
வெளிச்சத்தில் பிடித்துப் பிசிறு தேடுவான்,
காதோரம் இழுத்து நகத்தால் தட்டுவான்.
சரக்கு அறிந்து வாங்கியவன்
என் கடையில் அவன் ஒருவன்தான்.
நான் எழுதுவேன்: ரொக்கம், பெயர் இல்லை.
கடன் வைக்காதவனுக்குப் பேரேட்டில் பெயர் எதற்கு?

மே மாதம், இரண்டாம் சனி.
நான்கு நரம்பும் கேட்டான். மூன்று செட்.
குங்கிலியம் இரண்டு கட்டி.
காசு எண்ணித் துணியில் முடிந்திருந்தது.
"இத்தனையா?" என்றேன்.
"அடிக்கடி அறுந்துபோகிறது" என்றான்.
அவன் கையில் ஒரு நரம்பு
ஒரு பருவம் தாங்கும்.
அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.
எண்ணெய்த்தாளில் சுற்றிக் கொடுத்தேன்,
ஈரம் படாதிருக்க.
அவன் கேட்கவில்லை.

வியாழக்கிழமை கெஜட்டில் என் விளம்பரம்:
லண்டனிலிருந்து புதிதாய் இறங்கியவை,
பிடில், புல்லாங்குழல், நரம்பு, தாள்.
கீழே ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே துரையின் விளம்பரம்:
ஓடிப்போனான், வயது முப்பது,
இடது புருவத்தில் வடு,
பிடில் நன்றாய் வாசிப்பான்,
அதையும் எடுத்துப்போயிருக்கிறான்.
பிடித்துத் தந்தால் நாற்பது ஷில்லிங்.
ஒரே அச்சு, ஒரே மை.
என் கடைசி வரி ஈரம் காயாமல்
அவன் பெயர்மேல் இழுகியிருந்தது.

டில்காட் வந்தார், பூட்ஸில் சேறோடு.
"இங்கே வந்தானா? என்ன வாங்கினான்?
எந்தப் பக்கம் என்று சொன்னானா?"

நான் நல்லவள் இல்லை.
நாற்பது ஷில்லிங்குக்கு
விரிசல் இல்லாத புல்லாங்குழல் வரும்
என்று மனம் கணக்குப் போட்டது.
போடும்; கடைக்கார மனம்.
ஆனால் அவர் மகள் தட்டுகிற ஸ்பின்னெட்டுக்கு
மூன்று அறுவடையாய்ப் பணம் வரவில்லை.
பேரேட்டைத் திறந்தேன்.
அவர் பக்கத்தை அவர் பக்கம் திருப்பினேன்.
முப்பது பவுண்டு. வட்டி தனி.
"இதை முடியுங்கள்,
அதைத் தேடிப் பார்க்கிறேன்."

சுரம் படிக்கத் தெரியாதவர் தாளைப் பார்ப்பதுபோல்
பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு குதிரைச் சத்தம்.

அன்றிரவு சனிக்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன்.
ரொக்கம், பெயர் இல்லை.
பன்னிரண்டு நரம்பு.
வடக்கே அது எந்த ஊர்வரை போதும்
என்று யாரிடம் கேட்பது?

லண்டனுக்கு அடுத்த பட்டியல் எழுதுகிறேன்.
நரம்பு, இம்முறை இரட்டிப்பாய்.
புல்லாங்குழல் வேண்டாம்.
எண்ணெய்த்தாள் ஒரு கட்டு.