பெல்ட்டில் தைத்த வருடம்

ருஸ்தவி சந்தையில் பிப்ரவரிச் சேறு.
கார்கள் மட்டும்
குளித்து முடித்த முகத்தோடு.

"பதினான்கு மாடல்" என்றான் கோச்சா,
சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பியபடி.
"ஒரே கை. ஜெர்மன் டாக்டர் ஓட்டியது."
இங்கே எல்லாக் காரையும்
அந்த ஒரே டாக்டர்தான் ஓட்டியிருக்கிறார்.

மூன்று இரவுப்பணியில் மனப்பாடம் செய்திருந்தேன்:
இந்த வண்டிக்குப் பதினொன்று வரை
பழைய கியர்பெட்டி. முரடு, சாகாது.
பன்னிரண்டில் புதுசு போட்டார்கள்.
பதினைந்துவரை அது ஏற்றத்தில் மூச்சை விடும்.
எனக்கோ வாரம் இருமுறை கஸ்பெகி மலை.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
கை பழக்கதோஷத்தில்
சீட் பெல்ட்டை அடிவரை இழுத்தது,
பிரசவ வார்டில்
பிள்ளையின் மணிக்கட்டுச் சீட்டைத் திருப்புவதுபோல்.
வெள்ளைத் துணியில் பொடி எழுத்து:
ஜூன், 2011.
கண்ணாடி மூலையிலும் பதினொன்று.

மூன்று வயது குறைத்திருக்கிறான்.
பொய் தெரிந்த அளவுக்கு
அவனுக்கு வண்டி தெரியவில்லை.

முகத்தைச் சுளித்தேன், நன்றாகவே.
"வாய் ஒன்று சொல்கிறது, பெல்ட் ஒன்று சொல்கிறது!"
பக்கத்து வரிசை திரும்பிப் பார்த்தது.
கோச்சா தோலோடு விழுங்கினான்.
ஆயிரத்து முந்நூறு குறைந்தது.
அப்புறமும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே
கையெழுத்துப் போட்டேன்.

முதல் ஏற்றத்தில் இரண்டாம் கியர்
முரண்டு பிடித்து, டக்கென்று விழுந்தது.
ஆகா.

எந்த வருடம் என்று அவ்தந்தில் கேட்டபோது
பதினான்கு என்றுதான்
வந்தது வாயில்.